வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

பெரிய காஞ்சிபுரம்
4.10.2023

இடிந்த கோட்டைகளின் இளவரசியும் என் ஒரே அக்காள் கமலாட்சியின் ஒரே மகளுமாகிய அகிலாவுக்கு,

ஏகாம்பரநாதர் கோபுரத்தைவிட நாலு விரற்கடை உயரம் கூடியவனாகிய உன் தாய்மாமன் தணிகாசலத்தின் ஆசீர்வாதம். இங்கே நான் சுகம். உங்கம்மா சுகம். கொசுக்கள் எங்கள் இருவரையும்விடச் சுகம். நேற்று ஒன்று என்னைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. உன் உடம்பு எப்படி? அந்த ஊரில் வெயில் என்று ஒன்று உண்டா?

‘ரெண்டு வருஷம் ஆகிறது மாமா. அம்மா வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த விமானத்தில் வந்துவிடுவேன்’ என்று எழுதியிருந்தாய். நானும் தூது போனேன். உன் பேரை எடுத்தேன், அவ்வளவுதான். அந்த அனலில் தென்னேரி ஏரி ரெண்டடி வற்றியது. பக்கத்து ஊர் கூரத்தில் ஒருவருக்கு மீசை கருகிவிட்டதாகப் பேச்சு. பேசி முடித்த மாப்பிள்ளை லோகேஷை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ படிக்கப் போன அன்று, “போனா போ, திரும்பி இந்த வாசல்ல நிக்காதே” என்று கத்தினாளே, அந்தச் சத்தம் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. கொஞ்சம் பொறு.

வீட்டுக்குப் போன் பண்ணாதே. மணி அடித்தாலே அவளுக்குப் பொங்குகிறது. நான் புடவை டிசைனுக்கு கிராப் போடும் அறையின் முகவரிக்கே எழுது. கடிதத்தில்தான் என் அழகு முழுதாகத் தெரியும்.

அது சரி, நீ ஆராய்ச்சி பண்ணும் அந்த மாளிகை எவ்வளவு பெரிசு? நம் வீட்டைவிடவா?

இப்படிக்கு,
ஆயிரம் மயில்களைக் கட்டங்களுக்குள் அடைத்த மாவீரன்
தணிகாசலம்


இன்வர்டாரக் மாளிகை
பெர்த் அருகே, ஸ்காட்லாந்து
29.10.2023

அன்புள்ள மாமாவுக்கு,

அகிலா வணக்கம். நலமாக இருக்கிறேன். சளி மட்டும் போகவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா?

மாளிகை நம் வீட்டைவிடப் பெரிசுதான். நூற்றுப் பதினாறு சன்னல். முதலில் 1612இல் ஒரு கல் கோபுரம் மட்டும் கட்டியிருக்கிறார்கள். பகைவருக்குப் பயந்து ஆறடி கனத்தில் சுவர். பயம் தீர்ந்த வம்சத்தார் நூற்று முப்பது வருஷம் கழித்து அதன் முன்னால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் அழகான முகப்பைச் சேர்த்தார்கள். அதற்கும் பின்னால் வந்த ஒரு சீமான், பழைய கோபுரம் ஒன்று போதாது என்று, பழசு மாதிரியே தெரியும் புதுக் கோபுரங்கள் நாலை ஒட்டவைத்தான். 1953இல் வாரிசுகள் கிழக்குப் பகுதியின் கூரையைத் தாங்களே பிரித்துப் போட்டுவிட்டார்கள். கூரை இருக்கிற கட்டடத்துக்குத்தான் வரி. நடனக் கூடத்தில் இப்போது மழை ஆடுகிறது.

எது எப்போது கட்டப்பட்டது, எது ஏன் மாற்றப்பட்டது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் என் வேலை. டேனியல் என்று ஒரு தச்சர் இங்கே பழுது பார்க்கிறார். “தாளில் என்ன எழுதியிருந்தாலும் இருக்கட்டும், நீ முதலில் கதவைப் பார்” என்று அடிக்கடி சொல்லுவார்.

மாமா, ஒன்று கேட்கிறேன். என் பேரை எடுத்ததும் அம்மா என்ன சொன்னாள்? ஏரியையும் மீசையையும் விட்டுவிடுங்கள். அம்மா வாயிலிருந்து வந்த சொல்லை மட்டும் எழுதுங்கள். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அகிலா


பெரிய காஞ்சிபுரம்
24.11.2023

நூற்றுப் பதினாறு சன்னல்களின் மகாராணிக்கு,

மாமனின் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம், முழங்காலைத் தவிர. அது தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. மழை கொட்டுகிறது. ராஜவீதியில் ஆட்டோக்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு போகின்றன. பட்டுக்கடை வாசலில் ஒரு திமிங்கிலம் முகூர்த்தப் புடவை விலை கேட்டதை நானே பார்த்தேன்.

வரிக்குப் பயந்து கூரையைப் பிரித்தவர்களின் புத்தியே புத்தி! இங்கே நான் வீட்டு வரி கட்டப் போகும்போது தலையில் கட்டின துண்டைப் பிரித்துவிட்டுப் போகிறேன், ஏதாவது குறைப்பார்களா என்று.

நீ கட்டட ராணி என்றால் நான் மட்டும் சும்மா இருப்பேனா? நம் அரண்மனையிலும் திருப்பணி நடக்கிறது. கொத்தனார் வெங்கடேசனைக் கூப்பிட்டு வாசல் படி இரண்டையும் உடைத்துச் சரிவாக்கிவிட்டேன். இனி என் ஸ்கூட்டர் யானை மாதிரி நேரே கூடத்துக்குள் பவனி வரும். கொல்லைக் கிணற்றுக்கு இரும்பில் மகுடம் சூட்டியாகிவிட்டது. வெங்கடேசன், “இன்னா சார், கோட்டையா கட்டற?” என்று கேட்டான். “ஆமாப்பா, ஸ்காட்லாந்துக்காரன் படையெடுத்து வர்றான்” என்றேன்.

நீ கேட்டது. உங்கம்மா நேற்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் உன் மாளிகைக் கதையைச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால், “அவ அங்க இன்னா, மொட்டைக் கூரையை எண்ணிக்கினு இருக்காளா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இப்படிக்கு,
சரிவுப் பாதை கண்ட சோழன்
தணிகாசலம்


இன்வர்டாரக்
7.1.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். புத்தாண்டு வாழ்த்துகள். நீங்களும் அம்மாவும் நலமா? என் சளி போய்விட்டது. போகாவிட்டாலும் இப்போது தெரியாது.

அம்மா கேட்டாளா! மாமா, அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உங்களுடைய கணக்கு மாதிரி இருக்கும். ‘எண்ணிக்கினு இருக்காளா’ என்று அவள் குரலிலேயே காதில் விழுந்தது. டேனியலிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கையைக் குலுக்கினார். ஆமாம், மொட்டைக் கூரையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கூரை உத்தரங்கள் செருகியிருந்த உத்தரக்குழிகள் இருநூற்று நாலு என்று சொல்லுங்கள். அடுத்து ஏதாவது கேட்பாள்.

ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன். இங்கேயே வேலை தருகிறோம் என்கிறார்கள். பதில் சொல்லவில்லை. அம்மா இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் நான் இங்கே இருக்கமாட்டேன்.

உங்களிடம் ஒரு வேலை. எங்கள் பேராசிரியர் ஒவ்வொருவரையும் தாங்கள் பிறந்த வீட்டின் வரைபடத்தை வைத்து ஒருநாள் பேசச் சொல்லியிருக்கிறார். இங்கே நான் நினைவை வைத்துப் போட்டால் எல்லா அறையும் பெரிசாக வருகிறது. நீங்கள் அளந்து கிராப் தாளில் போட்டு அனுப்புவீர்களா? உங்கள் கையால் வந்தால் நான் சரிபார்க்கவே வேண்டாம்.

அன்புடன்,
அகிலா


பெரிய காஞ்சிபுரம்
19.2.2024

உலகக் கட்டடங்களின் ஜாதகம் கணிப்பவளுக்கு,

ஆசீர்வாதம். சுகம், சுகம், சுகம். பதில் தாமதம் என்று கோபிக்காதே. உன் வேண்டுகோளைப் படித்ததும் முடியாது என்றுதான் எழுதினேன். பிறகு கிழித்தேன். பிறகு வேறு ஒரு முடியாது எழுதினேன். அதற்குள் கை தானாக ஸ்கேலைத் தேடிவிட்டது.

இதோ இருக்கிறது, உன் அரண்மனை. ஒரு கட்டம் கால் அடி. முப்பத்தெட்டு வருஷமாக முந்தானைக்கும் கரைக்கும் கட்டம் நிரப்பின கை. ஒரு கட்டம் ஒரு இழை. ஒன்றைத் தப்பாக நிரப்பினால் புடவை நெடுக நூற்றெண்பது இடத்தில் அதே தப்பு நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் உள்ளது உள்ளபடி. சுவரின் வீக்கம், கதவு திறக்கிற பக்கம், கீல், தாழ்ப்பாள், கட்டில் எல்லாம் அதனதன் இடத்தில். சிவப்பு மசி பழசு. பச்சை மசி நான் செய்த திருப்பணி. உன் பேராசிரியர் பார்த்தால் என்னை அந்த நாட்டுக்கு ராஜாவாக்கிவிடுவார். எனக்கு நேரம் இல்லை என்று சொல்லிவிடு.

போடுவதற்கு மூன்று நாள் பிடித்தது. உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

உத்தரக்குழிகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
வருங்கால ஸ்காட்லாந்து வேந்தன்
தணிகாசலம்


இன்வர்டாரக்
20.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் பதில் வராததால் கவலையாக இருக்கிறது. அம்மாவும் நீங்களும் நலம்தானே? வரைபடம் கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயம் நடந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய கோபுரத்தின் மூன்றாம் மாடியில் ஒரு அறை. இந்தக் குடும்பத்தின் வரலாற்றுப் புத்தகத்தில் அது சாமான் அறை என்றிருக்கிறது. டேனியல் கதவின் வண்ணத்தைச் சுரண்டினார். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்த தடம். நாலு திருகாணி ஓட்டை, இடையில் துரு நிழல். உள்பக்கம் ஒன்றுமே இல்லை. சன்னலில் கம்பி பதித்த குழிகள். தடுக்கி விழாமல் இருக்க நிலைப்படியைச் சீவியிருக்கிறார்கள். அடுப்பைச் சுற்றிக் கூண்டு மாட்ட நாலு வளையம்.

1871 முதல் பதினொரு வருஷம் இந்த வீட்டின் எஜமானி மார்கரெட் உடல்நலத்துக்காக இத்தாலியில் இருந்தார் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. அவர் இத்தாலிக்குப் போகவே இல்லை மாமா. அந்த அறையில்தான் இருந்திருக்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்று வைத்தியரின் குறிப்பு ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தது. விடுதியில் படித்த மகளுக்கும் இத்தாலி என்றே சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய கடிதங்களும் அதே பெட்டியில் இருக்கின்றன. ‘அம்மாவுக்கு அங்கே வெயில் பிடித்திருக்கிறதா? ஏன் எனக்கு எழுதுவதில்லை? என்மேல் வருத்தமா?’ என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

“பாசத்தில்தான் மறைத்திருப்பார்கள்” என்றார் டேனியல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பெண் பதினொரு வருஷம் அம்மாவுக்குத் தன்மேல் வருத்தம் என்று நினைத்திருக்கிறாளே, அது பாசமா?” என்று கேட்டேன். அவர் மறுபடி வண்ணத்தைச் சுரண்டப் போய்விட்டார்.

அம்மா வேறு ஏதாவது கேட்டாளா?

அன்புடன்,
அகிலா


பெரிய காஞ்சிபுரம்
8.3.2024

அன்பு அகிலாவுக்கு,

ஆசீர்வாதம். உன் பிப்ரவரி மாதக் கடிதம் இன்று காலை வந்தது. நான் அனுப்பிய வரைபடம் உன் கைக்கு வந்திருந்தால் உறையைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் பார்க்காதே. அதில் தப்பு இருக்கிறது. பச்சை மசி கொட்டிவிட்டது. கண்ணாடி போடாமல் போட்டேன். கொத்தனார் வெங்கடேசனின் வீட்டை நம் வீடு என்று நினைத்துப் போட்டுவிட்டேன். வேறு போட்டு அனுப்புகிறேன். அதைத் திருப்பி அனுப்பிவிடு, அல்லது அந்த மாளிகையில் அடுப்பு இருந்தால் அதில் போடு.

அங்கே குளிர் எப்படி?

தணிகாசலம்


இன்வர்டாரக்
9.3.2024

மாமாவுக்கு,

வணக்கம். வரைபடம் செவ்வாய்க்கிழமை வந்தது. சுவரில் மாட்டிவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பெருமையாகத்தான் பார்த்தேன். பிறகு எல்லா வீட்டையும் பார்ப்பது மாதிரி, மாற்றங்களை மட்டும் பார்த்தேன்.

வாசல் கதவின் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ‘ஏழடி உயரம்’ என்று பச்சையில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கை எட்டாது. சமையலறைக்குப் புதிதாகக் கதவு, அதற்குப் பூட்டு. கிணற்றுக்கு மூடி. படிகள் இல்லை. அம்மா அறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. அந்த வாசலுக்குக் குறுக்கே ஒரு நீளக் கட்டம் போட்டு ‘என் கட்டில்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, நீங்கள் கடிதத்தில் எதையும் நேராக எழுதியதில்லை. கிராப்பில் எதையும் கோணலாகப் போட்டதில்லை.

நாலு நாளாக உங்கள் போன் அடித்து அடித்து ஓய்கிறது. நேற்று எடுத்தீர்கள். நான் ‘மாமா’ என்றதும் வைத்துவிட்டீர்கள்.

அம்மாவுக்கு என்ன?

அகிலா


பெரிய காஞ்சிபுரம்
27.3.2024

அன்பு அகிலாவுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். உங்கம்மாவுக்கு உடம்பில் குறையில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

நீ போன முதல் வருஷம் அவளுக்கு உன்மேல் இருந்தது நிஜமான கோபம்தான். 2022 தீபாவளிக்கு முந்தின நாள் அது தீர்ந்தது. என்னைக் கூப்பிட்டு, “பொண்ணுக்குப் போன் போடுடா, பண்டிகையும் அதுவுமா தனியா இருக்கும்” என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டுக் கையில் கொடுத்தேன். மணி போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று என் பக்கம் திரும்பி, “அது பேர் இன்னாடா?” என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். போனை வாங்கி வைத்துவிட்டேன். நீ திரும்ப அழைத்தாய். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

சென்னையில் டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மறதி இனி போகப் போக அதிகமாகும் என்றார். அன்று அவள் தெளிவாக இருந்தாள். எல்லாம் புரிந்தது. பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டும்வரை மருந்துச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். பிறகு, “அகிலாகிட்ட சொல்லாதே. படிப்பை உட்டுட்டு வந்து நிக்கும். எனக்குக் கோபம்னே சொல்லிக்கினு இரு. கோபம் அதுக்குப் பழக்கம், தாங்கிக்கும்” என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஒரு வாரத்தில் சத்தியம் வாங்கினதையே மறந்துவிட்டாள். என்னால் மறக்க முடியவில்லை.

போன வருஷம் பங்குனி உத்திரத் திருவிழா அன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் வெளியே போய்விட்டாள். அந்தக் கூட்டத்தில் தெருத்தெருவாகத் தேடினோம். சாயங்காலம் நீ படித்த பள்ளிக்கூடத்து கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். “மணி அடிச்சி எவ்ளோ நேரமாச்சி, என் பொண்ணை இன்னும் உடல” என்றாள். அதற்குப் பிறகுதான் மேல்தாழ்ப்பாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து துணைக்கு இருப்பாள். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை நான் கடைக்குப் பால் வாங்கப் போகும் பத்து நிமிஷத்துக்கு மட்டும் போடுவேன். அதற்கே முழங்காலை மறந்து ஓடி வருவேன்.

மொட்டைக் கூரையை அவள் கேட்கவில்லை. அதை நான் எழுதினேன். அவள் வாயில் எப்படி வரும் என்று யோசித்து எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு எழுதின கடிதத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

விடுதியில் இருந்த அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதின கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

வரத் தோன்றினால் வா. வாசலில் நிற்காதே என்றவள் இப்போது இல்லை.

தணிகாசலம்


இன்வர்டாரக்
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த காஞ்சிபுரம் இட்லியில் பாதியை டேனியலுக்குக் கொடுத்தேன். சுக்கும் மிளகும் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் முடித்தார். அம்மா நேரத்துக்குத் தூங்குகிறாளா? நீங்கள் தூங்குகிறீர்களா?

உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். அது என்னோடு விமானத்திலும் வந்தது.

நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் நீங்கள் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். “இன்னாமா, வெயில்ல நிக்கிற?” என்று கேட்டீர்கள். உள்ளே புழுக்கம், காற்று வாங்க வந்தேன் என்றேன். காற்று வாங்க வரவில்லை.

இரண்டு நாள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேசினேன். சாதம் ஊட்டினேன். மரியாதையாக வாங்கிக்கொண்டாள். “நீ யார் வூட்டுப் பொண்ணுமா, நல்லாப் பார்த்துக்கற” என்றாள். அன்று காலை நீங்கள் போனதும், தூங்குகிறாள் என்று நினைத்து என் பழைய அறைக்குப் போனேன். என்ன செய்வது என்று தெரியாதபோது என் கை டேப்பைத்தான் எடுக்கும். சுவரை அளந்துகொண்டிருந்தேன். திரும்பினால் அறை வாசலில் நிற்கிறாள்.

“யார் நீ? இன்னாத்துக்கு அளக்கற?”

“சும்மாதாம்மா” என்றேன்.

“சும்மா யாராவது அளப்பாங்களா? வூட்டை விக்கச் சொல்லி எவன் அனுப்பிச்சான்? தணிகாசலமா?”

“இல்லம்மா, நான் அகிலா.”

“பேரெல்லாம் தெரிஞ்சிக்கினுதான் வந்திருக்கியா?” என்றாள். டேப்பைப் பிடுங்கி எறிந்தாள். அவளுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கூடம் தாண்டி வாசலுக்குக் கொண்டுவந்தாள். நீங்கள் போனபின் நான் மேல்தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை, கதவு இழுத்ததும் திறந்தது. நான் தடுக்கவில்லை. நீங்கள் உடைத்த படி இருந்திருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்போம்.

“இது என் பொண்ணு ரூம்பு. அது வெளியூர்ல படிச்சிக்கினு இருக்குது. கோவிச்சிக்கினு போயிருக்குது, வந்துடும். வந்து எங்க நான் படுக்கறதுன்னு கேட்டா, வித்துட்டேன்னா சொல்லுவேன்? இன்னொரு தபா இந்த வாசல்ல நின்ன, பாரு.”

கதவைச் சாத்திவிட்டு உள்பக்கம் கீழே உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு முதுகைக் கொடுத்திருந்தாள். இடுக்கில் புடவை தெரிந்தது. நான் தெருவில், கதவின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் தெருமுனையில் தெரிந்ததும் எழுந்துவிட்டேன்.

எனக்காகத்தான் என்னைத் தள்ளினாள் மாமா. அதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுகிறேன். மார்கரெட் அந்த அறையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறேன். இங்கே வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பரில் அங்கேயே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அகிலா


பெரிய காஞ்சிபுரம்
3.7.2024

அன்பு அகிலாவுக்கு,

ஆசீர்வாதம். நான் நலம். உங்கம்மா நலம். இதில் பொய் இல்லை.

உன் கடிதத்தைக் கிராப் அறையில் படித்தேன். பக்கத்து மேசை ராஜகோபால், “இன்னா சார், மயில் கழுத்துல கட்டம் தப்பிடுச்சா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அன்று நான் பாலோடு கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாளே, ஏன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எழுப்பினால் வரமாட்டேன் என்றாள். அரைமணி நேரம் கெஞ்சினேன். நீ பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

நீ ஊருக்குப் போன பிறகும் அவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை. காலையில் சாப்பிட்டது மறந்துவிடுகிறது. நான் யார் என்பதே சில நாள் மறந்துவிடுகிறது. ஆனால் தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு, “அளக்க வந்தவ போயிட்டாளா?” என்று கேட்கிறாள்.

“போயிட்டா, அக்கா.”

“திரும்ப வருவாளா?”

இத்தனை வருஷத்தில் எனக்கு வராத பொய் இல்லை. இதற்கு மட்டும் வரவில்லை. வருவாள் என்றால் அவளுக்குப் பயம். வரமாட்டாள் என்றால் எனக்கு. அதனால் காதில் விழாத மாதிரி உள்ளே போய்விடுகிறேன். அவள் உன் அறைக் கதவைச் சாத்தி, நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். செப்டம்பரில் அகிலாவாக வராதே. அளக்கிறவளாகவும் வராதே. உன் முகம் அதற்குள் அவளுக்கு மறந்திருக்கும். தெருமுனையில் காவேரி பூக்கடை வைத்திருக்கிறாள். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ரெண்டு முழம் வாங்கிக்கொண்டு காலையில் வந்து, பூ கொண்டாந்திருக்கேன் என்று சொல்.

பூக்காரியை உங்கம்மா உள்ளே விடுகிறாள். உட்காரச் சொல்கிறாள். எந்த ஊர் என்று கேட்கிறாள்.

தணிகாசலம்